படகுக்கு ஒரு வேலி

தமிழும் தெலுங்கும் கலந்த நகரியில், எங்கள் தெருவில் தறிச் சத்தம் நின்றால்தான் என்ன ஆச்சு என்று ஆட்கள் வெளியே எட்டிப் பார்ப்பார்கள். சத்தம் இருக்கும்வரை எல்லாம் சரி என்று அர்த்தம். அப்படிப்பட்ட தெருவில், நான்கு தறி ஓடுகிற எங்கள் வீட்டில், என் கணவர் படகுப் பேச்சைக் கொண்டுவந்தார். படகு அங்கே தடா பக்கத்தில், ஏரியை ஒட்டி, அவருடைய சிநேகிதரின் இறால் பண்ணைக் கொட்டகையில் கிடந்தது. பேச்சு மட்டும் எங்கள் வீட்டில் கிடந்தது. சோறு போட்டால் படகு, தறியில் பீம் மாற்றினால் படகு, கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம்.

கல்யாணமான பிறகு பல வருஷம் அவர் வளைகுடாவில் ஒரு படகுப் பட்டறையில் வேலை செய்தவர். பணம் படைத்தவர்களின் பாய்மரப் படகுகளைக் கரையேற்றி, சுரண்டி, ஓட்டை அடைத்து, திரும்பத் தண்ணீரில் இறக்கும் வேலை. சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கிற சாக்கில் ஓட்டவும் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பியபின் என் நைனா விட்டுப்போன தறிகளை என்னோடு சேர்ந்து பார்த்துக்கொண்டார். வேலையில் குறை சொல்ல முடியாது. காற்று அடித்தால் மட்டும் மொட்டை மாடிக்கு ஏறி, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்ப்பார். நகரியில் காற்று எந்தப் பக்கம் அடித்தால் யாருக்கு என்ன?

சிநேகிதர் தன் பழைய பாய்மரப் படகை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது நான் சண்டை போட்டேன். காரணம் காசு இல்லை, அவருடைய காது.

இரண்டு வருஷமாக அவருக்குத் தலைசுற்றல். திருப்பதியில் காது டாக்டரிடம் காட்டினோம். உள்காதில் நீர் கோத்துக்கொள்கிற சீக்காம். சொல்லாமல் கொள்ளாமல் வரும், வீடு வாசல் எல்லாம் சுழலும், பிறகு தானாக அடங்கும் என்றார். உப்பைக் குறைக்கச் சொன்னார். ஊறுகாய் ஜாடி அன்றைக்கே பரணுக்குப் போனது. ஆனால் சீக்கைவிட எனக்குப் பெரிய தொல்லை, வந்தால் அவர் சொல்லவே மாட்டார் என்பது. நடந்துகொண்டே இருப்பவர் நிற்பார். ஒரு கை சுவரைத் தேடும். முகம் எதையோ தேடுகிற மாதிரி மேலே பார்க்கும்.

"சுத்துதா?" என்பேன்.

"இல்லியே. ஓட்டுல பல்லி கீது, பாத்துகினு கீறேன்."

எங்கள் வீடு தளம் போட்ட வீடு. ஓடு கிடையாது.

ஆம்பளைக்கு என்ன அப்படி ஒரு வீம்பு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வீட்டில் விழுந்தால் பிடிக்கச் சுவர் இருக்கிறது, நான் இருக்கிறேன். படகில்? "ஏரியில இடுப்பு மட்டும்தான்மே தண்ணி" என்று அவர் சொன்னார். தலை சுற்றிக் குப்புற விழுந்தவனுக்கு முழங்கால் தண்ணீர் போதும் என்று நான் சொன்னேன். ஆனால் அன்றைக்கு ராத்திரிச் சோற்றை அவர் தின்ற விதத்தைப் பார்த்தபோது, இந்த ஆசையை நான் ஒரேயடியாக வெட்டினால் மனிதர் உள்ளுக்குள் ஒடிந்துபோவார் என்று தெரிந்தது.

அதனால் நிபந்தனை போட்டேன். நீ விழாதபடி படகுக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் மாட்ட வேண்டும். மாட்டும்போது நான் கூடவே இருப்பேன். முதல் தடவை ஓட்டும்போது நானும் வருவேன். அவர் உடனே ஒத்துக்கொண்டார். என்னைப் பற்றித் தெரிந்தும் ஒத்துக்கொண்டார் என்பதுதான் ஆச்சரியம். எந்தப் பொருளைப் பார்த்தாலும் இது எதற்கு, ஏன் இப்படி, வேறு மாதிரி இருந்தால் என்ன ஆகும் என்று கேட்காமல் என்னால் இருக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் இதற்காகவே தெலுங்கு வாத்தியார் என்னைப் பெஞ்சு மேல் நிறுத்தியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தறிக்கு லீவு. சத்தியவேடு வழியாகத் தடாவுக்குப் போவோம். படகைக் கொட்டகையில் மரக்கட்டைகள்மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். நான் நினைத்ததைவிடச் சின்னது. எங்கள் தறிக்கூடத்துக்குள் குறுக்கே போட்டால் அடங்கிவிடும். மேல்தளத்தில் ஏறி நின்றதும் எனக்கு முதலில் பட்டது, இதற்கு ஓரமே இல்லை என்பதுதான். தளம் போகும், போகும், பிறகு டக்கென்று முடிந்துவிடும். கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடி மாதிரி.

"அதுக்குத்தான் இது" என்று அவர் காகிதத்தில் வரைந்து காட்டினார். படகின் ஓரம் முழுக்கத் தொடை உயரத்துக்கு எஃகுக் கால்கள் நட வேண்டும். கால்களில் துளை போட்டு, ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிவரை கயிறு மாதிரி முறுக்கிய கம்பி ஓட்ட வேண்டும். அந்தக் கம்பிக்கு லைஃப்லைன் என்று பெயர்.

"ஏன் தொடை உயரம்? இடுப்பு உயரம் வெச்சா இன்னும் நல்லதுதானே?"

"பாய் மாட்டிக்கும்மே. படவுல நேரா நிமிர்ந்து எவன் நடப்பான்? குனிஞ்சிதான் போவணும்."

கால்களை வடமாலபேட்டையில் ஒரு வெல்டிங் கடையில் செய்யக் கொடுத்தோம். திருப்பதி போகிற பெரிய ரோட்டின் மேலேயே கடை. மாடிப்படிக்கும் பால்கனிக்கும் ஸ்டீல் ரெய்லிங் போடுகிறவர். "ஏமக்கா, மெட்லக்கா, பால்கனிக்கா?" என்று கேட்டார். படிக்கும் இல்லை பால்கனிக்கும் இல்லை, படகுக்கு என்றேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார். "மாடியில பசங்க விழுவாங்கன்னு வெப்பாங்கக்கா. படவுல யாரு விழுவாங்க?" என்று கேட்டார். என் கணவர் சட்டென்று குனிந்து அங்கே கிடந்த குழாய்த் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார். நானும் சொல்லவில்லை. கால்கள் நன்றாகத்தான் வந்தன. அழகுக்கு என்று ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் உருண்டை வைத்துக் கொடுத்திருந்தார், பால்கனிக்கு வைக்கிற மாதிரியே.

அடுத்தது ஃபெண்டர். படகு துறையில் வந்து ஒட்டும்போது உடம்பு உரசாமல் இருக்க, நடுவில் தொங்கவிடுகிற மெத்தை. கடையில் விற்பது காற்றடைத்த பிளாஸ்டிக் உருளை. இதற்குப் போய்க் கடைக்கு ஓடுவானேன் என்று நினைத்தேன். தறிக்கூடத்தில் கழிவு நூல் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. தடித்த துணியில் நீளமாகப் பைகள் தைத்து, கழிவு நூலைக் காலால் மிதித்துத் திணித்து, இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினேன். தலையணை கெட்டது போங்கள், அவ்வளவு அழகாக வந்தது. அவர் தூக்கிப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

சிநேகிதரின் மீன்பிடிப் படகில் ஒரு வாரம் கட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தோம். அடுத்த ஞாயிறு போனால், பைகள் தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பிள்ளைத்தாச்சி வயிறு போல் உப்பித் தொங்கின. ஒன்றைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. நாற்றம் வேறு. பஞ்சு தண்ணீரைக் குடிக்கும் என்று, பிறந்ததிலிருந்து பஞ்சோடு கிடக்கிற எனக்குத் தோன்றவே இல்லை! சிநேகிதர் சிரித்த சிரிப்பு எதிர்க்கரைக்குக் கேட்டிருக்கும். நானும் சிரித்துவிட்டேன். மறுவாரம் பிளாஸ்டிக் உருளைகளையே வாங்கினோம்.

அவற்றைத் தொங்கவிட வாகாக லைஃப்லைன் கம்பியே இருக்கிறதே என்று அதில் கட்டப் போனேன். அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். "கம்பில கட்டாத. காலோட அடியில கட்டு."

"ஏன்?"

"அப்பிடித்தான் கட்டணும்."

அப்படித்தான் என்பது எனக்குப் பதிலே அல்ல. ஆனாலும் அடியில் கட்டினேன். கம்பியை இழுத்துப் பூட்டும் வேலை வந்தபோதும் அதே பேச்சுதான் வந்தது. கம்பியின் கோடியில் ஒரு திருகு இருக்கும். ஷாமியானாக் கம்பத்துக்கு இழுவைக் கம்பி கட்டுகிற இடத்தில் பார்த்திருப்பீர்கள். திருகத் திருகக் கம்பி விறைத்துக்கொண்டே போகும். அவர் பாதியில் நிறுத்தினார். நான் நடுவில் கையை வைத்து அழுத்தினேன். கம்பி தொளதொளவென்று இறங்கியது.

"இன்னாய்யா இது, துணி காயப்போடற கொடியா? இன்னும் இழு."

"கொஞ்சம் லூசா உடணும்மே. அங்க அப்பிடித்தான் உடுவாங்க."

"ஏன் உடுவாங்க?"

"அத்தெல்லாம் கேட்டதில்ல."

நாங்கள் தறிக்காரர்கள். தளர்ந்த இழை எங்கள் கண்ணுக்கு ஆகாது. நீளவாக்கில் ஓடும் பாவு கொஞ்சம் தளர்ந்தால் துணியில் பழுது விழும், இழை அறும், குறுக்கே நூலைக் கொண்டோடும் நாடா எகிறும். கல்யாணத்துக்கு முன்னும் சரி, பின்னும் சரி, எதைக் கட்டினாலும் விறைப்பாகக் கட்டித்தான் எனக்குப் பழக்கம். மூட்டையானாலும் அப்படித்தான், கொசுவலையானாலும் அப்படித்தான். திருகை அவரிடமிருந்து வாங்கி, கம்பியைச் சுண்டினால் தம்பூரா மாதிரிப் பாடுகிறவரை முறுக்கினேன். உள்ளங்கையை அதன்மேல் ஓட்டிப் பார்த்தேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இனி அவர் விழ முடியாது என்று நினைத்தேன்.

சோதித்துப் பார்க்கலாம் என்றதும் நான்தான். இறால் நிறுக்கிற தராசில் அவரை ஏற்றி நிறுத்தி, அதே எடைக்கு ஒரு சாக்கில் மணல் கட்டினோம். கொட்டகை விட்டத்திலிருந்து மூட்டையைக் கயிற்றில் தொங்கவிட்டு, பின்னால் இழுத்து, தலை சுற்றி ஆள் சாய்ந்தால் எப்படிச் சாய்வானோ அந்த வேகத்தில் கம்பியின் நடுவில் விட்டோம்.

கம்பி அறவில்லை. கோடியில் இருந்த கால், ஒரு முறிகிற சத்தத்தோடு, தளத்திலிருந்து வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. திருகாணிகளோடு கையகலத் தளத்தையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. மூட்டை படகைத் தாண்டிப் போய், கொட்டகைத் தரையில் விழுந்து வெடித்தது.

மணல் சாக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டே இருந்தது. நான் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டேன். அவர் அந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல், "உட்டுடலாம்மே. படவு வோணாம்" என்றார்.

வேண்டாம் என்று ஆரம்பத்திலிருந்து சொன்னவள் நான். அவர் வாயால் அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர்மேல் இல்லை, அந்தக் காலின்மேல், கம்பியின்மேல். இவ்வளவு விறைப்பாகக் கட்டியும் ஏன் பிடுங்கியது? காரணம் தெரியாமல் விடுவதாக இல்லை.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, நடுவில் நாலு புரி நூலை விறைப்பாகக் கட்டினேன். தண்ணீர் நிரம்பிய சொம்பை நூலின் நடுவில் தொங்கவிட்டேன். நாற்காலிகள் இரண்டும் கிறீச்சென்று ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து வந்தன. நூலைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டி, அதே சொம்பைத் தொங்கவிட்டேன். சொம்பு சற்றுக் கீழே இறங்கியது. நாற்காலிகள் அசையவில்லை. திரும்ப இறுக்கினேன், நகர்ந்தன. தளர்த்தினேன், நின்றன. அவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சொம்பு ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான். நூல் விறைக்க விறைக்க, இரண்டு பக்கத்து நாற்காலியும்தான் அதிகமாக இழுபடுகிறது. ஃபெண்டரைக் கம்பியில் கட்டாதே என்றதும் இதனால்தான்.

அப்படியானால் தறியில் மட்டும் எப்படி? அத்தனை விறைப்பாகப் பாவு நிற்கிறது, ஒவ்வொரு அடிக்கும் இழைகள் மேலும் கீழும் பிரிகின்றன, எதுவும் பிடுங்கிக்கொள்வதில்லையே? தறிக்கூடத்துக்குப் போய் விளக்கைப் போட்டேன். ஒரு தறியை மட்டும் ஓட்டி, பின்னால் போய் உட்கார்ந்து பார்த்தேன். எத்தனையோ வருஷமாகப் புழங்குகிற இடம். பாவு சுற்றிய பீமைச் சுற்றிக் கயிறு போட்டு எடைக்கல் தொங்கவிட்டிருக்கும். இழை இழுபடும்போதெல்லாம் அந்தக் கல் துளி மேலேறி இறங்குகிறது, பீம் துளி இடம் கொடுக்கிறது. பாவை யாரும் இரண்டு பக்கமும் அசையாமல் கட்டிவைக்கவில்லை. என் கையில் பட்ட விறைப்பெல்லாம் இடம் கொடுத்துக்கொண்டே இருந்த விறைப்பு. இத்தனை நாள் நான் முன்பக்கம் துணியை மட்டும் பார்த்திருக்கிறேன்.

"யோவ், இங்க வந்து பாரு" என்று கத்தினேன். வந்து என் பக்கத்தில் குந்தி, அந்தக் கல் ஆடுவதை வெகுநேரம் பார்த்தார். "அதான் கொஞ்சம் லூசா உடச் சொன்னாங்களா" என்றார். அவருடைய குரலில் படகு திரும்பி வந்துவிட்டது எனக்குக் கேட்டது.

பெயர்ந்த தளத்தை அவரே கண்ணாடி இழையும் பிசினும் வைத்து அடைத்தார். கால்களைத் திரும்ப நட்டபோது தளத்துக்கு அடியில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அகலமான எஃகுத் தகடு வைத்து, போல்ட்டைத் தகட்டோடு சேர்த்து முடுக்கினோம். இழுத்தால் தளம் முழுக்கத் தாங்கும். கம்பியை உள்ளங்கை அகலம் இறங்குகிற மாதிரி விட்டோம். திருகை நிறுத்திய இடத்தில் என் கை இன்னொரு சுற்றுக்குத் துடித்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மணல் மூட்டையைத் திரும்பக் கட்டி வீசினோம். கம்பி வளைந்தது, மூட்டை வெளியே எட்டிப் பார்த்தது, திரும்ப உள்ளே வந்து ஆடியது. கால்கள் அசையவில்லை. அவர் மூட்டையின் முதுகில் தட்டி, "பொழச்சிக்கினடா" என்றார்.

கடைசியில் பாதுகாப்பு வார். தளத்தின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஒரு பட்டைநாடா ஓடும்; மேல்சட்டை மாதிரி மாட்டிக்கொள்ளும் வாரிலிருந்து ஒரு கொக்கி அதில் மாட்டும். நடக்க நடக்கக் கொக்கி கூடவே வரும். ஏன் உருண்டைக் கயிறாக இல்லாமல் பட்டையாக இருக்கிறது என்று கேட்டேன். உருண்டையாக இருந்தால் காலடியில் உருளும், மிதித்தவன் விழுவான் என்றார். அந்த நெசவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஊசி நுழையாத நெருக்கம். இதை நெய்த தறியைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஆனால் அவருக்கு அதை மாட்டிக்கொள்வதுதான் பிடிக்கவில்லை.

"மாட்டக் கட்ற மாதிரி கட்றியேமே."

"மாடு தலைசுத்தினா நின்னுடும். நீ பல்லி கீதுன்னு பொய் சொல்லுவ."

அவர் முகம் சுருங்கியது. சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் உண்மை அதுதான். வேலி கட்டிவிட்டோம், வார் மாட்டிவிட்டோம். சுற்றுகிறது என்று அவர் சொல்லாவிட்டால் இவ்வளவும் பாதிதான்.

மழைக்காலம் முடிந்து ஏரி நிரம்பியிருந்த ஒரு காலை, படகை இறக்கினோம். பறவைகள் சரணாலயப் பக்கம் போகக்கூடாது என்ற நிபந்தனையோடு வனத்துறை அனுமதி கொடுத்திருந்தது. நான் உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவர் முனகிக்கொண்டே கொக்கியை மாட்டினார். பாய் காற்றைப் பிடித்ததும் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. நான் எதிர்ப்பக்க ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். பிறகு பழகிவிட்டது. சுக்கான் கட்டையைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். இந்தப் பக்கம் தள்ளினால் படகு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. ஏன் என்று கேட்டேன். அவர் சிரித்தார். அவர் முகத்தை அப்படிப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது கடைசியில் எனக்கும் தேவைப்பட்டது.

திரும்பி வரும்போது துறை தெரிந்ததும், பாயை இறக்க அவர் எழுந்து பாய்மரத்தடிக்குப் போனார். சுக்கான் என் கையில். பாதிப் பாய் இறங்கியிருக்கும். அவர் நின்றார். ஒரு கை காற்றில் சுவரைத் தேடியது. அங்கே சுவர் இல்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார்.

கம்பி அவர் தொடையில் பட்டு வளைந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வளைந்தது, நின்றது, வேலிக் கால்கள் பிடித்தன, கம்பி அவரை உள்ளே அனுப்பியது. கொக்கிவார் விறைத்து இழுத்துப் பிடித்தது. தளத்தின்மேல் தொப்பென்று உட்கார்ந்தவர், தலையைப் பாய்மரத்தில் சாய்த்துக்கொண்டார். நான் அந்தப் பல்லிக்காகக் காத்திருந்தேன். வானத்தில் கொக்கு கீது என்பார், பாத்துகினு கீறேன் என்பார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு, "சுத்துதுமே" என்றார்.

இரண்டு வருஷத்தில் முதல் தடவை. அழ நேரமில்லை.

"நான் இன்னா பண்ணணும்?"

"பாய்க் கயித்த உட்டுடு. சுக்கான நேரா புடிச்சிக்கினு தொறைய பாத்துகினே வா. வேகம் அடங்கிடும்."

கயிற்றை விட்டேன். மிச்சப் பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. நேராகத்தான் பிடித்தேன், வேகம்தான் நான் நினைத்த அளவு அடங்கவில்லை. துறை கிட்டே கிட்டே வந்தது. பிளாஸ்டிக் உருளைகள் நசுங்கிக் கத்தின, படகு ஒருதரம் குதித்துத் திரும்பி ஒட்டிக்கொண்டது. படகின் உடம்பில் ஒரு கீறல் இல்லை.

சிநேகிதர் ஓடிவந்து கயிற்றைக் கட்டினார். "இன்னாப்பா, சவாரி எப்பிடி?" என்று கேட்டார்.

"நல்லா இருந்திச்சி. நடுவுல எனக்குச் சுத்திடிச்சி. இவதான் கொண்டாந்து சேத்தா" என்றார் என் கணவர்.

நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கு வந்துவிட்டோமே என்று கொக்கியைக் கழற்றக் கை வைத்தேன். அவர் என் கையை அங்கேயே பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும். இன்னும் சுத்திக்கினுதான் கீது."